முப்பத்திரண்டு பேர் கேட்ட ரேடியோ

மூக்காயிக்கு வாய் நீளம் என்பது நல்லூத்துப்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. இருக்கட்டுமே! இருபது ஆள் வெங்காயம் ஊன்ற வேண்டிய காட்டைப் பன்னிரண்டு ஆளை விட்டு முடிக்கச் சொல்கிற ஊரில், வாயும் இல்லாமல் ஒருத்தி எப்படிக் காலம் தள்ளுவாள்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வைத்ததும் இதே ஊர்க்காரர்கள்தான். அந்த வாய் கீழ்த்தெருக்காரியிடம் இருந்தால் மட்டும் அவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

எரியோட்டிலிருந்து மூணு கல் நடந்தால் நல்லூத்துப்பட்டி. மேலத்தெரு, நடுத்தெரு, மந்தை, மந்தையில் ஒரு கல் சாவடி. அதைத் தாண்டி ஓடையைக் கடந்தால் ஒரு மேடு, மேட்டில் பதினைந்து குடிசை. ஊர் வாயில் அது கீழ்த்தெரு, கவர்மெண்டு காகிதத்தில் அரிசன காலனி. மேட்டில் இருக்கிற தெருவுக்கு எதற்குக் கீழ்த்தெரு என்று பேர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். பேர் வைத்தவர்கள் தரையைப் பார்த்தா வைத்தார்கள்?

மூக்காயி அங்கே வாக்கப்பட்டு வந்தபோது பதினாறு வயசு. புருசன் சடையாண்டி கிணறு வெட்டுகிறவன். கன்னிவாடி வரைக்கும் போய்ப் பாறையில் வெடி வைத்து வெட்டுவான். வெடிச் சத்தத்தில் வலது காது முழுக்கப் போச்சு, இடது காது பாதி போச்சு. அவனிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் தோளைத் தட்டி, முகத்துக்கு நேரே நின்று கத்த வேண்டும். மூக்காயியின் குரல் அப்படி உரத்துப்போனதற்கு அவனும் ஒரு காரணம். குடிசை மட்டும்தான் அவர்களுடையது. குடிசை நின்ற மண் புறம்போக்கு. சடையாண்டியின் பூட்டன் காலத்திலிருந்து அங்கேதான் பிறந்தார்கள், அங்கேதான் செத்தார்கள், கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

ஐம்பத்தொன்பதாம் வருசம் தை மாசம் ஊருக்கு ரேடியோ வந்தது. பஞ்சாயத்துக்குச் சர்க்கார் கொடுத்த பெட்டி. அதோடு மண்ணெண்ணெய் டின் அளவுக்கு ஒரு பாட்டரி. சாவடிச் சுவரில் மாடம் இடித்து, கதவு போட்டு, பூட்டுப் போட்டு உள்ளே வைத்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறரைக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்ட ஒரு ஆப்பரேட்டர். நடுத்தெரு கருப்பணனுக்கு அந்த வேலை கிடைத்தது. நிலமில்லாத மனுசன், பஞ்சாயத்து பிரசிடெண்டு உடையப்பனுக்கு எடுபிடி. பெட்டியைக் கொடுக்க வந்த அதிகாரி மாலை போட்டுக்கொண்டு பேசினார். "இது எல்லாருக்கும் பொது. சாதி பார்க்காம எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேக்கணும். வெள்ளாமைக்கு ஆன யோசனை, சர்க்கார் திட்டம் எல்லாம் நிலையத்துல இருந்து சொல்லுவாங்க. கேட்டுப் பயன்படுத்திக்கங்க." மந்தைப் புளியமரத்தடியில் நின்று மூக்காயியும் இதைக் கேட்டாள். நல்லாத்தான் இருந்தது.

மறுநாள் கீழ்த்தெருவிலிருந்து நாலைந்து பேர் குளித்து முழுகிப் போனார்கள். சாவடிப் படிக்கு இருபது அடி இருக்கும்போதே உடையப்பன் கையை நீட்டினார்.

"அங்கனயே நில்லுங்கப்பா. சத்தம் அங்க வரைக்கும் வரும்."

வந்தது. மேகாற்று அடித்தால் வந்தது, கீழ்காற்று அடித்தால் வரவில்லை. சாவடியில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பேர் வானொலிக் கிராம மன்றமாம். ரேடியோ சொன்னதைப் பற்றி விவாதிப்பார்களாம், சந்தேகம் இருந்தால் நிலையத்துக்கு எழுதுவார்களாம். பதிலில் ஊர்ப் பேரும் ஆள் பேரும் சொன்னால் மறுநாள் பூராவும் மேலத்தெருவில் அதே பேச்சு. புளியமரத்தடியில் நிற்கிறவர்களுக்கு யாரோ தூரத்தில் பல் விளக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு இரைச்சல். பகலெல்லாம் காட்டில் குனிந்து நிமிர்ந்தவளுக்கு இந்த இரைச்சலை நின்றுகொண்டு கேட்க என்ன தலையெழுத்து? நாலாம் நாள் மூக்காயி போவதை நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் கீழ்த்தெருவிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. அஞ்சு வருசம் அப்படியே ஓடிப்போனது.

அறுபத்துநாலாம் வருசம் பங்குனியில் ஒரு நாள் காலையில், சர்வேயர் ஒருத்தர் சங்கிலியை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார். குடிசைக்கும் குடிசைக்கும் நடுவே நின்று அளந்தார். மூக்காயி வீட்டு வாசல் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லை ஊன்றச் சொன்னார்.

"என்னய்யா இது, எங்கூட்டு வாசல்ல கல்லு?"

"உங்க வீடு எங்கம்மா இருக்கு? புறம்போக்குல குடிசை இருக்கு. இந்த மேட்டைப் பிரசிடெண்டு மச்சினர் கேட்டிருக்காரு. வெங்காயப் பட்டறை போடப் போறாராம். மேடு, தண்ணி நிக்காது, காத்து நல்லா அடிக்கும்."

வெங்காயம் அழுகாமல் இருக்கக் காற்று வேண்டுமாம், அதற்காகப் பதினைந்து குடும்பம் ஓடைக்குள் இறங்க வேண்டுமாம்! மூக்காயிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. சர்வேயரோடு மல்லுக்கு நின்றாள். அவர் பாவம், நல்ல மனுசன்தான். "என்கிட்டக் கத்தி என்னம்மா ஆகப்போகுது? திண்டுக்கல் ஆபீசுல போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மறுநாளே மூக்காயி சடையாண்டியைக் கூட்டிக்கொண்டு எரியோடு வரை நடந்து, பஸ் ஏறித் திண்டுக்கல் போனாள். வெயிலில் மூணு மணி நேரம் காத்துக் கிடந்தபிறகு ஒரு ஆபீசர் கூப்பிட்டார். விசயத்தைக் கேட்டார். ஒரு காகிதக் கட்டை எடுத்துப் புரட்டினார்.

"வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு போடச் சொல்லித் தை மாசமே அறிவிச்சாச்சே. புறம்போக்குல குடியிருக்கிறவங்க மாசி முப்பதுக்குள்ள மனு கொடுக்கணும். உங்க காலனியில இருந்து ஒரு மனுகூட வரலை. குடியிருக்கிறவங்களே வேண்டாம்னா, கேட்ட ஆளுக்குக் கொடுக்கிறோம்."

"யாருங்கய்யா அறிவிச்சது? எங்க காதுல ஒண்ணும் விழுகலையே?"

"ரேடியோவில மூணு நாள் தொடர்ந்து சொன்னாங்க."

"ரேடியோ நாங்க கேக்குறதில்லைங்க."

ஆபீசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு கட்டைக் கொண்டுவந்தார். பஞ்சாயத்து ரேடியோ ஆப்பரேட்டர்கள் மாசாமாசம் அனுப்புகிற பதிவேட்டு நகல். விரலை வைத்து வாசித்தார். "நல்லூத்துப்பட்டி. தை பன்னிரண்டு. சாவடியில் அமர்ந்து கேட்டோர், மேலத்தெரு நடுத்தெரு இருபது. அரிசனங்கள் ஆண் பதினெட்டு, பெண் பதினாலு, ஆக முப்பத்திரண்டு. பதிமூணாந்தேதியும் அதே முப்பத்திரண்டு. பதினாலாந்தேதியும் அதே. என்னம்மா பொய் சொல்றே? மூணு நாளும் முழுசா உக்காந்து கேட்டிருக்கீங்க. கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டு இப்ப வந்து அழுதா?"

மூக்காயிக்குப் பக்கத்தில் சடையாண்டி, "என்ன சொல்றாக? என்ன சொல்றாக?" என்று தோளை இடித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் அவள் கத்தினாள். "நீ ரேடியோ கேட்டியாம்! செவிட்டுப் பயலே, மூணு நாளும் விடாம சாவடியில ஒக்காந்து ரேடியோ கேட்டியாம்!"

ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"அய்யா, அந்தப் படியில எங்க கால் பட்டதே இல்லைங்க. விட மாட்டாக."

"ஆப்பரேட்டர் கையெழுத்து இருக்கு. பிரசிடெண்டு கையெழுத்து இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரேடியோ மெக்கானிக்கும் பார்த்துக் கையெழுத்துப் போடறார். மூணு பேரும் பொய், நீ மட்டும் நிசமா? இருந்தா நிரூபிச்சுக்கிட்டு வா. பதினஞ்சு நாள் பொறுக்கிறேன், அதுக்கு மேல என்னால முடியாது."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாதா? இந்த ஏட்டுச் சுரைக்காய் ஒரு தெருவையே விழுங்கப் பார்த்ததே!

திரும்பி வந்ததும் வராததுமாகக் கருப்பணன் வீட்டு முன்னால் போய் நின்றாள். அவன் வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சங்கதி புரிந்துவிட்டது.

"மூக்காயி, நானா எழுதல. மொத மாசம் நான் நெசத்தத்தான் எழுதுனேன், அரிசனங்கள் யாருமில்லைன்னு. மேல இருந்து காகிதம் வந்துச்சு. அவுக வந்து கேக்கலைன்னா பெட்டியத் திரும்ப எடுத்துக்குவோம்னு. பிரசிடெண்டு சொன்னாரு, 'அவங்க வந்தாத்தானடா தீட்டு, எழுதுனா என்ன தீட்டு? எழுது'ன்னு. கீழ்த்தெருவுல பெரியாளு எம்புட்டுன்னு எண்ணிப் பாத்து எழுதுனேன். அதுக்கப்புறம் தெனமும் அதேதான்."

"தெனமும் அதேவா? பெருமாயி புருசன் செத்து மூணு வருசமாச்சு. அவனும் வந்தானா?"

கருப்பணன் தலையைக் குனிந்துகொண்டான். செத்தவனும் வந்திருக்கிறான். குழியிலிருந்து எழுந்து வந்து, சாவடியில் உட்கார்ந்து, உரம் போடுவது எப்படி என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். பெருமாயி பிரசவத்தில் கிடந்த அன்றைக்கும் கீழ்த்தெருப் பொம்பளைகள் பதினாலு பேர். ஊரே ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோதும் முப்பத்திரண்டு பேர். அவ்வளவு பக்தியாக ரேடியோ கேட்ட ஜனங்களை இந்த ஜில்லாவிலேயே பார்க்க முடியாது!

"வா சாமி, வந்து ஆபீசுல இதச் சொல்லிப்புட்டுப் போ."

"என்னக் கொன்னே போட்டுருவாக மூக்காயி" என்றான் கருப்பணன். அவன் சொன்னதிலும் பொய் இல்லை. அவள் காறித் துப்பிவிட்டு வந்துவிட்டாள்.

கெஞ்சி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊருக்குள் சாட்சி சொல்ல ஒரு ஈ காக்கை வராது. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை, சடையாண்டியையும் தூங்க விடவில்லை. விடியும்போது ஒரு யோசனை வந்திருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மூணாவது ஆள் ஊர்க்காரன் இல்லையே!

ரேடியோ மெக்கானிக் அப்துல் ஜப்பார் திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். ஒரு ஜீப்பில் பாட்டரிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நல்லூத்துப்பட்டிப் பெட்டியில் பாட்டரி மங்கி ஒரு வாரமாகச் சத்தம் கம்மி, வியாழக்கிழமை ஜீப் வருகிறது என்று ஊரில் பேச்சு. மூக்காயி அன்றைக்குக் காட்டு வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து எரியோட்டு ரோட்டில் ஓர் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பைக் கண்டதும் நடுரோட்டில் போய் நின்றாள். ஜப்பார் பிரேக்கைப் போட்டார்.

"யா அல்லா! ஏம்மா, சாகுறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா?"

"சாக வரல பாய். ஒரு நாயம் கேக்க வந்தேன்." எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பவில்லை. கையெழுத்துப் போட்டது அவர்தானே! தப்பு என்று சொன்னால் தன் தலையில் அல்லவா விழும்? "நான் எப்பவும் மத்தியானத்துல வந்து பாட்டரியை மாத்திட்டுப் போயிடுவேன். பதிவேடு சரியா இருக்கும், கையெழுத்துப் போடுவேன். யாரு வந்தா, யாரு வரலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் பாய் நானும் கேக்குறேன். இன்னிக்கி ஒரு நா சாயங்காலம் வரைக்கும் இருங்க. ஆறரைக்கு நாங்க வருவோம், பொஸ்தகத்துல எழுதுன அதே ஆளுக. சாவடியில ஏறி ஒக்காருவோம். யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா பொஸ்தகம் நெசம், நான் பொய்க்காரி. ஒங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு, குடிசையப் பிரிச்சிக்கிட்டு நாங்களே ஓடையில எறங்கிக்கிறோம்."

ஜப்பார் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். "புதுப் பாட்டரியைப் போட்டுப் பெட்டியைப் பாட விட்டுத்தான் பாக்கணும்" என்றார் கடைசியில். "ஆறரைக்குத்தானே கிராம நிகழ்ச்சி? இருந்து பாக்குறேன்."

கீழ்த்தெருவில் ஆள் சேர்ப்பது லேசாகவா இருந்தது? நாளைக்கு யார் காட்டில் வேலை கொடுப்பார்கள் என்று பாதிப் பேர் பயந்தார்கள். நியாயமான பயம்தான். "வேல போனா எரியோட்டுப் பக்கம் நடந்து போயிப் பாப்போம். மேடு போனா எங்க போயிப் பிள்ள பெறுவீக?" என்று மூக்காயி ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாள். ஒவ்வொருத்தராக எழுந்து குளிக்கப் போனார்கள்.

ஆறரைக்குக் கருப்பணன் பெட்டியைத் திறந்தான். ஜப்பார் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மன்றத்து ஆட்கள் இருபது பேரும் வந்து இடம் பிடித்திருந்தார்கள். அப்போது ஓடையைத் தாண்டி வரிசையாக வந்தார்கள் கீழ்த்தெருக்காரர்கள். முன்னால் மூக்காயி. தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். புளியமரத்தைத் தாண்டினார்கள். இருபது அடி, பத்து அடி, படி. மூக்காயி ஏறினாள். பின்னாலேயே சடையாண்டி ஏறினான். மற்றவர்களும் ஏறினார்கள். ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

இருபது பேரும் தேள் கொட்டின மாதிரி எழுந்து இறங்கினார்கள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சர்க்கார் ஜீப்பு நிற்கிறது, சர்க்கார் ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஒருத்தன் மட்டும் உடையப்பனைக் கூட்டி வரச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். அவர் எரியோட்டுக்குப் போயிருந்தார்.

"கருப்பணன் சாமி, எண்ணிக்கிருங்க" என்றாள் மூக்காயி. "பொம்பளைக பதினாலு. ஆம்பளைக பதினேழுதான். ஒரு ஆளு கொறையுது, அவன் செத்துப்போனவன், வர மாட்டான்."

ரேடியோ பாடியது. புதுப் பாட்டரி, கணீரென்று வந்தது. அன்றைக்குத் தென்னை மரத்தைக் குடைகிற வண்டைப் பற்றிச் சொன்னார்கள். குருத்துக்குள் கம்பியை விட்டு வண்டை எப்படிக் குத்தி எடுப்பது, மணலும் மருந்தும் எப்படிக் கலந்து வைப்பது என்று ஓர் ஆள் நிதானமாகச் சொன்னார். கீழ்த்தெருவில் யாருக்கும் ஒரு தென்னை கிடையாது. முப்பத்தோரு பேரும் கண் கொட்டாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். சடையாண்டி இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, "இப்ப என்ன சொல்றாக?" என்று கேட்டபடி இருந்தான். அரை மணி நேரம். மூக்காயிக்கு அந்த வண்டுப் பேச்சு அவ்வளவு பிடித்திருந்தது. எதற்காக இதைக் கேட்கக் கூடாது என்று சொன்னார்கள் இந்தப் பாவிகள்?

சைக்கிள் கேரியரிலிருந்து உடையப்பன் குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் கண்ணுக்கு ஜீப்பும் தெரியவில்லை, ஜப்பாரும் தெரியவில்லை. சாவடியில் உட்கார்ந்திருந்த தலைகள் மட்டும்தான் தெரிந்தன.

"ஏலே! எவன்டா இவங்கள மேல ஏத்துனது? சாவடிக்குக் கல்லு போட்ட நாள்ல இருந்து இதுல இவங்க காலு பட்டிருக்கா? எங்கப்பன் காலத்துல விட்டோமா, எங்க பாட்டன் காலத்துல விட்டோமா? ஒரு நா, ஒரே ஒரு நா இவங்கள இந்தப் படியில ஏற விட்டிருக்கோமாடா? எறங்குங்கடா!"

ஜப்பார் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "ஒரு நாள்கூட விட்டதில்லையா?"

"விட்டதே இல்லய்யா! ஊருல யாரையும் கேளுங்க!"

"கேக்க வேண்டியதில்ல, நீங்களே சொல்லிட்டீங்க" என்று ஜப்பார் பதிவேட்டை எடுத்து விரித்தார். "அப்ப இது யாரு கையெழுத்து?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? உடையப்பன் அப்போதுதான் அந்த மனுசன் யாரென்று பார்த்தார். "அது வந்து பாய், அவுக வெளியே நின்னு கேப்பாக, அதத்தான்..." என்று இழுத்தார்.

"அமர்ந்து கேட்டோர்னு எழுதியிருக்கு. அஞ்சு வருசம் எழுதியிருக்கு. இதுக்குக் கீழே நான் இருபது தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னையும் சேர்த்துல்ல பொய்க்காரனாக்கிட்டீங்க!" பதிவேட்டில் குறிப்பு என்று போட்டிருந்த கட்டத்தில் ஜப்பார் எழுதினார். தான் கண்டதை எழுதினார், பிரசிடெண்டு சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினார். எழுதியதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தார். பிறகு பேனாவைக் கருப்பணனிடம் நீட்டினார். "நீ போட்ட கணக்கு நெசமா, இவரு சொன்னது நெசமா?"

கருப்பணன் உடையப்பனைப் பார்த்தான். மூக்காயியைப் பார்த்தான். "பிரசிடெண்டு இப்பச் சொன்னதுதாங்க நெசம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அதில் தப்பிக்கிற தந்திரமும் கொஞ்சம் இருந்தது, போகட்டும்.

அந்தக் காகிதம் திண்டுக்கல்லுக்குப் போனது. விசாரணை, மறுவிசாரணை என்று நாலு மாசம் இழுத்தார்கள். ஆவணியில் பதினைந்து குடும்பத்துக்கும் மனைப் பட்டா கிடைத்தது. நீ மட்டும் நிசமா என்று கேட்ட அதே ஆபீசர்தான் கொடுத்தார். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, "இந்தா, இங்க கைநாட்டு வை" என்பதோடு சரி. உடையப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தேர்தலிலும் அவர்தான் பிரசிடெண்டு. கீழ்த்தெருவுக்கு மட்டும் ஒரு போகம் முழுக்க ஊருக்குள் வேலை கிடையாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். அவர்கள் விடியும் முன்னே எழுந்து எரியோட்டுப் பக்கம் நடந்து போய் வேலை பார்த்து வந்தார்கள். பிள்ளைகள் பல ராத்திரி கஞ்சித் தண்ணியோடு படுத்தன. பட்டா வாங்கின கதையைச் சந்தோசமாகச் சொல்ல முடிகிறதா பாருங்கள்.

ரேடியோ? கீழ்த்தெரு படியேறிய மறுநாளிலிருந்தே அது ரிப்பேர். உடையப்பன் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஜப்பார் ரெண்டு தடவை வந்து பார்த்தார், பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவர் ஜீப்பு எரியோடு தாண்டுவதற்குள் பழையபடி ரிப்பேர். பிறகு அவரையும் வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அந்த வருசம் ஐப்பசிக்கு முன்னால் மூக்காயி குடிசையைப் பிரித்துவிட்டு மண் சுவர் வைக்கத் தொடங்கினாள். சடையாண்டி மண்ணை மிதித்துக் கொடுக்க, அவள் உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஓடையைத் தாண்டிக் கருப்பணன் வந்து நின்றான்.

"எல்லாம் உன்னாலதான் மூக்காயி. எனக்கு வேல போச்சு. ஊருக்கே ரேடியோ இல்லாமப் போச்சு. மழ எப்ப வரும், வெதை எங்க கெடைக்கும்னு ஒரு சேதி தெரியல. எங்க தெருப் பொம்பளைக எல்லாம் உன்னத்தான் வையிறாக. நீ ஒரு நா ஒக்காந்து, அம்புட்டுப் பேரு கேக்குறதையும் கெடுத்துட்டியே?"

மூக்காயி கையிலிருந்த மண் உருண்டையைச் சுவரில் ஓங்கி அறைந்தாள். அன்றைக்குச் சாமி என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

"யாரு கெடுத்தது? ஒங்களுக்கு அஞ்சு வருசம் பாடுச்சு. எங்களுக்கு அரை மணி நேரம் பாடுச்சு. அந்த அரை மணி நேரத்தத் தாங்க மாட்டாம நீங்கதான பூட்டுனீக? நாங்களா பூட்டுனோம்? போயி தொறக்கச் சொல்லுங்க. இன்னிக்கே வந்து ஒங்க பொம்பளைக பக்கத்துல ஒக்காந்து கேக்குறேன். எனக்கு ஒண்ணும் தீட்டு இல்ல."